தேதி சொன்ன பிரதமர்

சென்ற வாரம் பேரன் தன் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினான். அதில் ஒரு அரசியல்வாதி. எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். ஒரு குடிசை வீட்டுத் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கூழ் குடிக்கிறார். பக்கத்தில் ஒரு பாட்டி விசிறுகிறார். பின்னால் சோக இசை.

"தாத்தா, இது நிஜமா, நடிப்பா?" என்று கேட்டான்.

"கூழ் நிஜம்தான் போலிருக்கிறது" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. கேமராவுக்கு முன்னால் ஒருவர் செய்வதில் எது உண்மை, எது வேஷம் என்று நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அன்றிரவு படுத்தபோது, லிசேயில் நான் படித்த நாட்களில் எங்கள் மெஸ்யே ஒருவர் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதரின் நினைவு வந்தது. அவரும் கேமராவுக்கு முன்னால் குடித்தவர்தான். குடித்தது பால்.

பியேர் மெந்தெஸ் பிரான்ஸ். நம் ஊரில் எழுபதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பெயர் எங்கோ கேட்டது போல் இருக்கும். நம் ஊரின் தலையெழுத்து மாறிய அந்த 1954இல் பாரிஸில் பிரதமர் நாற்காலியில் இருந்தவர் அவர்தான். மொத்தம் ஏழரை மாதம்தான் இருந்தார். அந்த ஏழரை மாதத்தில் அவர் செய்ததையும் பேசியதையும் பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் எடுத்துப் பேசுகிறார்கள்.

எங்கள் மெஸ்யே பழைய காலத்து மனிதர். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கையில் எப்போதும் சுண்ணாம்புக் கட்டி. வாரம் ஒரு நாள் திக்தே, அதாவது அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுத வேண்டும். ஒரு நாள் எழுதவைத்த பகுதி வழக்கம் போல் கடினமாக இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். நடுவில் எண்கள் வந்தன. எழுதி முடித்த பிறகு, "இது எந்த எழுத்தாளர்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "எழுத்தாளர் இல்லை, ஒரு பிரதமர் ரேடியோவில் பேசியது. உங்களில் எத்தனை பேர் பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள். புரியும்படி பேசுகிறவனை எழுதுவது எளிது" என்றார். அன்று எனக்கு வழக்கத்தை விடப் பிழைகள் குறைவு. அதனாலேயே அந்தப் பெயர் மனதில் நின்றுவிட்டது.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1907இல் பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் படித்தார். 1932இல், 25 வயதில், நார்மாந்திப் பக்கம் இருக்கும் எர் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தச் சபையில் அவர்தான் வயதில் இளையவர். யுத்தம் வந்தபோது விமானப் படையில் சேர்ந்தார். 1940இல் பிரான்ஸ் தோற்று, பெத்தேன் அரசாங்கம் ஜெர்மனியோடு சமாதானத்துக்குப் போனபோது, வட ஆப்பிரிக்காவிலிருந்து சண்டையைத் தொடரலாம் என்று கப்பலேறியவர்களில் இவரும் ஒருவர். அதற்குப் பரிசாக, படையை விட்டு ஓடியவர் என்று குற்றம் சாட்டி ஆறு வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். சண்டை போடப் போனவருக்கு ஓடுகாலிப் பட்டம்! 1941இல் சிறையிலிருந்து தப்பி, மறைந்து வாழ்ந்து, லண்டன் போய்ச் சேர்ந்து, தெகோலின் படையில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தார்.

விடுதலைக்குப் பிறகு தெகோல் அவரைப் பொருளாதார மந்திரியாக்கினார். நாட்டில் சரக்கு இல்லை, நோட்டு மட்டும் ஏராளமாகப் புழங்கியது. கொஞ்ச காலம் எல்லாரும் வயிற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும், புழங்கும் பணத்தை முடக்க வேண்டும், இல்லாவிட்டால் விலைவாசி தலைக்குமேல் போய்விடும் என்றார் இவர். நிதி மந்திரி ப்ளெவென் மென்மையான வழி சொன்னார். தெகோல் மென்மையான வழியைப் பிடித்தார். 1945 ஏப்ரலில் இவர் ராஜினாமா செய்தார். விலைவாசி அவர் பயந்தபடியேதான் போனது என்பது பிறகு நடந்த கதை.

அடுத்தது இந்தோசீனா. இந்தச் சொல்லைக் கேட்டாலே நம் ஊரில் பல வீடுகளில் ஒரு பெட்டி திறக்கும். சைகோன் போன தாத்தா, சைகோன் பெட்டி, சைகோன் பட்டு. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் அங்கே சுங்கத்திலும் போலீஸிலும் கணக்கு வேலையிலும் இருந்தார்கள்! பட்டாளத்தில் சொல்தாவாகப் போனவர்கள் வேறு. என் பெரியப்பா அப்படிப் போனவர். எனக்கு அப்போது ஐந்து வயது. பெரியப்பா என்றால் சுவரில் மாட்டியிருந்த தொப்பி வைத்த போட்டோதான் எனக்கு.

1946இன் கடைசியில் தொடங்கிய அந்தப் போர் எட்டாவது வருஷத்தை எட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிரதமரும் "நிலைமை முன்னேறி வருகிறது" என்றே சொல்லிவந்தார்கள். மெந்தெஸ் பிரான்ஸ் மட்டும் 1950லேயே சபையில் எழுந்து, ஜெயிக்க வேண்டுமானால் மூன்று மடங்கு படையும் பணமும் வேண்டும், அதைக் கொடுக்க நீங்கள் தயாரா, இல்லையென்றால் எதிரியோடு உட்கார்ந்து பேசுங்கள், மூன்றாவது வழி கிடையாது என்ற பொருளில் பேசினார். யாருக்கும் பிடிக்கவில்லை. துரோகி என்றுகூடச் சொன்னார்கள். 1953இல் ஒருமுறை பிரதமர் பதவிக்கு நின்றார். 314 ஓட்டு தேவை, கிடைத்தது 301.

1954 மே 7ஆம் தேதி தியன்பியன்பு கோட்டை விழுந்தது. பாரிஸ் அதிர்ந்துபோயிற்று. ஜூன் மாதத்தில் அரசாங்கம் கவிழ்ந்து, வேறு வழியில்லாமல் இவரைக் கூப்பிட்டார்கள். ஜூன் 17ஆம் தேதி சபையில் நின்று அவர் சொன்னதுதான் எங்கள் மெஸ்யே கரும்பலகையில் பெரிதாக எழுதிக் காட்டிய விஷயம். ஜூலை 20ஆம் தேதிக்குள் போர்நிறுத்தம் கொண்டுவருவேன், முடியாவிட்டால் அன்றே ராஜினாமா செய்வேன் என்றார். "முயற்சி செய்வோம்", "விரைவில்", "உரிய நேரத்தில்" என்ற பேச்சே இல்லை. கிட்டத்தட்ட முப்பது நாள் கணக்கு.

இன்னொன்றும் சொன்னார். கம்யூனிஸ்டுகள் எனக்கு ஓட்டுப் போட்டால் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன், எதிரியோடு பேசப் போகிறவனுக்கு எதிரியின் நண்பர்கள் தயவு இருக்கக் கூடாது என்றார். வருகிற ஓட்டை வேண்டாமென்று சொன்ன ஒரு அரசியல்வாதியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஆதரவு 419, எதிர்ப்பு 47. கம்யூனிஸ்டுகளைக் கழித்தாலும் பெரும்பான்மை நின்றது.

எங்கள் வீட்டில் பெரியம்மா அந்தச் செய்தியைக் கேட்டதும் காலண்டரில் ஜூலை 20இல் குங்குமத்தால் பொட்டு வைத்துவிட்டாராம். என் அம்மா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். பெரியம்மாவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, அரசியலும் தெரியாது. எத்தனையோ வருஷமாக "இதோ முடியப்போகிறது" என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர். ஒருவர் தேதி சொன்னதும் அவருக்கு ஒரு பிடி கிடைத்தது.

ஜெனீவாவில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, ஜூலை முதல் வாரத்தில் மெந்தெஸ் பிரான்ஸ் சபையில் மற்றொரு கசப்பான உண்மையையும் சொன்னார். ஜூலை 20 தவறினால் நான் போய்விடுவேன். ஆனால் போவதற்கு முன் என் கடைசி வேலை, கட்டாய ராணுவ சேவையில் இருக்கும் பிள்ளைகளை இந்தோசீனாவுக்கு அனுப்பும் சட்டத்தை முன்வைப்பதாக இருக்கும் என்றார். அதுவரை அந்தப் போரில் சாவு யாருக்கு? சம்பளச் சிப்பாய்களுக்கும் காலனி நாட்டுப் பிள்ளைகளுக்கும். பிரான்ஸ் நாட்டுத் தாய்மார்களின் வீட்டுக் கதவை அது தட்டவில்லை. தோல்வி வந்தால் அதன் விலை இன்னது, கொடுக்கப்போவது நீங்கள் என்று முன்கூட்டியே நாட்டுக்குச் சொன்னார்.

ஜூலை 20 நள்ளிரவுவரை கையெழுத்தாகவில்லை. கம்போடியத் தரப்பு கடைசி நேரத்தில் முரண்டு பிடித்தது. பேச்சு நடந்த மாளிகையில் கடிகாரத்தை நிறுத்திவைத்தார்கள் என்று சொல்வார்கள். ஜூலை 21 அதிகாலையில் கையெழுத்திட்டு, ஒப்பந்தத்தில் ஜூலை 20 என்றே தேதி போட்டார்கள். ஆபீஸில் வேலை பார்த்த நமக்கு இதெல்லாம் தெரியாததா! மார்ச் 31ஆம் தேதி பில்லை ஏப்ரல் முதல் வாரத்தில் பாஸ் பண்ணாத குமாஸ்தா உண்டா? இதைச் சொல்லி மெஸ்யேவிடம் நான் குறும்பாக, "அப்படியானால் அவரும் ஏமாற்றியதுதானே?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மூன்றரை மணி நேரம் ஏமாற்றினார். அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஏமாற்றினார். நீ கேட்கிறாயே, அதுவே அவர் தேதி சொன்னதால்தான்" என்றார். அந்தப் பதில் எனக்கு அப்போது புரியவில்லை.

பெரியப்பா மறு வருஷம் திரும்பி வந்தார். ஒரு காதில் கேட்காது. சைகோன் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். பெரியம்மா அந்த 1954ஆம் வருஷக் காலண்டரைக் கடைசிவரை எறியவில்லை.

இனி ரேடியோவுக்கு வருகிறேன். பதவிக்கு வந்த மாதத்திலிருந்தே சனிக்கிழமைகளில் மெந்தெஸ் பிரான்ஸ் ரேடியோவில் நாட்டு மக்களோடு பேசத் தொடங்கினார். 1944இல் மந்திரியாக இருந்தபோதே இப்படிப் பேசிப் பழகியவர். முன்மாதிரி அமெரிக்காவின் ரூஸ்வெல்ட். 1933 மார்ச்சில் பாங்குகள் எல்லாம் மூடிக்கிடந்தபோது, பாங்கில் போட்ட பணம் எங்கே போகிறது, ஏன் எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் கொடுக்க முடியாது என்று ரூஸ்வெல்ட் ரேடியோவில் பக்கத்து வீட்டுக்காரர் போல விளக்கினார். பாங்கு திறந்ததும் ஜனங்கள் பணத்தை எடுக்காமல், எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள்.

மெந்தெஸ் பிரான்ஸின் குரல் அப்படியொன்றும் கம்பீரமான குரல் இல்லை. மேடைப் பேச்சாளரின் ஏற்ற இறக்கம் கிடையாது. அடுக்குமொழி கிடையாது. நம் தமிழ்நாட்டில் அதே வருஷங்களில் அடுக்குமொழிதான் ஊரை ஆண்டுகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இவர் இந்த வாரம் என்ன செய்தோம், எது முடியவில்லை, ஏன் முடியவில்லை, அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னார். குடும்பத் தலைவர் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக் கணக்கு சொல்வது மாதிரி. அந்தப் பேச்சுகள் 1955இல் புத்தகமாக வந்தன. தலைப்பு 'தீர் லா வெரிதே', அதாவது 'உண்மையைச் சொல்வது'.

கட்சிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. சபையில் நாங்கள் இருக்கும்போது தலைக்குமேலே ஜனங்களோடு பேச இவர் யார், அரசாங்க ரேடியோவைச் சொந்த விளம்பரத்துக்கு வைத்துக்கொள்கிறாரா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அதே ரேடியோ ஒரு பொய்யன் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகும்? இருபது வருஷத்துக்கு முன்னால்தான் ஜெர்மனியில் அது நடந்தது. அவர் மைக்கைப் பிடித்தார் என்பதற்காக அவரை நான் உயர்த்தவில்லை, மைக்கில் என்ன சொன்னார் என்பதைத்தான் பார்க்கிறேன்.

பாலுக்கு வந்துவிட்டேன். அந்தக் காலத்துப் பிரான்ஸில் குடி ஒரு தேசிய நோய். சொந்தத் தோப்பு ஆப்பிளிலிருந்தும் திராட்சையிலிருந்தும் வரி கட்டாமல் சாராயம் காய்ச்ச, பல லட்சம் குடியானவர்களுக்குப் பரம்பரைச் சலுகை இருந்தது. கிழங்கிலிருந்து வடித்த சாராயத்தை அரசாங்கமே பணம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது. சாராய முதலாளிகளின் செல்வாக்கு சபைவரைக்கும் எட்டும். மெந்தெஸ் பிரான்ஸ் இதில் கை வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஏற்பாடு செய்தார். விருந்துகளில் எல்லாரும் ஒயின் தூக்கும்போது இவர் பால் டம்ளரைத் தூக்கினார். அமெரிக்கா போனபோதும் அப்படியே. போட்டோக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பத்திரிகைகள் அவருக்கு 'மெந்தெஸ் லோலோ' என்று பட்டப்பெயர் வைத்தன. 'லோலோ' என்றால் பிரெஞ்சுக் குழந்தைகள் பாலுக்குச் சொல்லும் சொல், நம் பிள்ளைகள் 'பாச்சி' என்பது போல.

பேரன் கேட்ட கேள்வியை இங்கே கேட்கலாம். அந்தப் பால் டம்ளர் நடிப்புதானே? ஆமாம், நடிப்புதான். போட்டோவில் வர வேண்டும் என்றுதான் குடித்தார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்த எர் மாவட்டம் நார்மாந்தியில் இருக்கிறது. ஆப்பிள் தோப்பு நிறைந்த இடம். தோப்புக்குத் தோப்பு சாராயம் காய்ச்சுகிறவர்கள். அவர் கை வைத்தது தன் சொந்த வாக்காளர் சட்டியில். நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே புரியும். எத்தனை தேர்தல் பார்த்திருக்கிறோம், சாராயக் கடைகள் நிறைந்த தொகுதியில் நின்றுகொண்டு, ஓட்டுக் கேட்கும்போதே "இந்தக் கடைகளை மூடுவேன்" என்று சொன்னவர் எத்தனை பேர்?

கூழ் குடிக்கிறவருக்கும் பால் குடித்தவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். கூழ் குடித்தவருக்கு அதனால் ஒரு ஓட்டும் போகாது, வரத்தான் செய்யும். பால் குடித்தவருக்கு அந்த டம்ளர் செலவு வைத்தது. முகத்தையும் குரலையும் கண்ணீரையும் பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்க நம்மால் முடியாது, நல்ல நடிகர்கள் நிறைய இருக்கிறார்கள். சொன்ன சொல்லுக்குச் சொன்னவர் என்ன விலை கொடுக்கிறார் என்று பார்த்தால் ஓரளவு தெரியும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பாரிஸ் அரசாங்கம் 1948இலிருந்தே இந்த ஊர்களின் எதிர்காலத்தை மக்களே தீர்மானிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எப்போது, எப்படி என்பதுதான் வரவில்லை. 1954இல் நெட்டப்பாக்கத்தில் கொடி ஏறியதும், ஏனாமும் மாஹேயும் கை நழுவியதும், சோதனைச் சாவடிகளில் நம் பெரியவர்கள் பட்ட பாடும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெந்தெஸ் பிரான்ஸ் பதவிக்கு வருவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பாரிஸில் நடந்த பேச்சும் முறிந்திருந்தது. அவர் வந்த பிறகு பேச்சு மீண்டும் தொடங்கி, அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூருக்கு அப்பால் கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. 21ஆம் தேதி டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஒரு துப்பாக்கி வெடிக்காமல் பிரெஞ்சுக் கொடி இறங்கியது.

இதோடு நிறுத்தினால் அவரைத் தெய்வமாக்கிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் அதே 1954 நவம்பர் 1ஆம் தேதி, நாம் இங்கே கொடி மாற்றிக்கொண்டிருந்தபோது, அல்ஜீரியாவில் விடுதலைப் போரின் முதல் குண்டுகள் வெடித்தன. பதினொரு நாள் கழித்து, நவம்பர் 12ஆம் தேதி, அதே மெந்தெஸ் பிரான்ஸ் சபையில் நின்று, அல்ஜீரியா பிரெஞ்சுக் குடியரசின் ஒரு பகுதி, அதைப் பிரிக்கும் பேச்சுக்கே இடமில்லை என்றார். இந்தோசீனாவில் கசப்பான உண்மையைச் சொன்னவர், துனீசியாவுக்குத் தானே பறந்துபோய் சுயாட்சி வாக்களித்தவர், நமக்கு வழிவிட்டவர், அங்கே மட்டும் எல்லாப் பிரதமர்களும் சொல்வதையே சொன்னார். அங்கே பத்து லட்சம் ஐரோப்பியர்கள் குடியிருந்தார்கள், சபையில் பெரும்பான்மை நூலிழையில் தொங்கியது என்று காரணம் சொல்லலாம். மனதாரச் சொன்னாரா, பதவிக்காகச் சொன்னாரா? எங்கள் மெஸ்யேவிடம் இதைக் கேட்கும் அறிவு அப்போது எனக்கு இல்லை.

அந்த ஒரு வாக்கியத்தின் நிழல் நம்மேலும் விழுந்தது. இணைப்பு உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தாகியும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. இங்கே விட்டுக்கொடுத்தால் அல்ஜீரியாவிலும் கேட்பார்கள் என்ற பயம். அல்ஜீரியா 1962 ஜூலையில் விடுதலை பெற்ற பிறகுதான் நம் காகிதமும் நகர்ந்து, ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தோம். ஏறக்குறைய எட்டு வருஷம் நடைமுறையில் ஒரு நாடு, காகிதத்தில் இன்னொரு நாடு. அந்த எட்டு வருஷத்தில்தான் நான் பள்ளிக்கூடம் படித்தேன்.

1955 பிப்ரவரியில் வட ஆப்பிரிக்கா விஷயத்திலேயே அவரைக் கவிழ்த்தார்கள். 319க்கு 273. தோற்ற பிறகும் மேடையேறிப் பேசப் போனார், கூச்சல் போட்டு உட்கார வைத்தார்கள். மறு வருஷம் கி மொல்லே அரசாங்கத்தில் மந்திரியாகச் சேர்ந்தவர், அல்ஜீரியக் கொள்கை பிடிக்காமல் நான்கு மாதத்துக்குள் விலகினார். 1958இல் ராணுவத்தின் மிரட்டலுக்கு நடுவே தெகோல் ஆட்சிக்குத் திரும்பியபோது எதிர்த்து ஓட்டுப் போட்டார். அந்த வருஷக் கடைசித் தேர்தலில் தன் தொகுதியையே இழந்தார். பிறகு அவர் மந்திரியாகவே இல்லை. அல்ஜீரியாவில் அவர் முதலில் சொன்னது தவறு என்றாலும், பிறகு அதற்கான விலையையும் கொடுத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை.

எண்பதுகளில் நான் ஒரு அலுவலகத்தில் கடித மேசையில் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கணவரை இழந்த ஒரு அம்மா, அவருக்கு வரவேண்டிய நிலுவைப் பணத்துக்காக மனுப் போட்டிருந்தார். அந்தக் கோப்பு எங்களிடம் இல்லை. வேறொரு அலுவலகத்துக்குப் போன இடத்தில் காணாமல் போயிருந்தது. எனக்குத் தெரியும், என் மேலதிகாரிக்கும் தெரியும். ஆனால் "காணவில்லை" என்று எழுதினால் யார் தொலைத்தது என்ற கேள்வி வரும். அதனால் ஒவ்வொரு முறையும் "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது, விரைவில் ஆவன செய்யப்படும்" என்று நான்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன். மூன்று வருஷம். எனக்கு அந்த வரி கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வரும்.

ஒரு நாள் அந்த அம்மா நேரில் வந்துவிட்டார். என் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். "தம்பி, விரைவில்னா எந்த மாசம்?" என்று கேட்டார்.

நான் பதில் தேடினேன். ஏனோ அப்போது கரும்பலகையில் மெஸ்யே எழுதிய ஜூலை 20 நினைவுக்கு வந்தது. "அம்மா, கோப்பு தொலைந்துபோய்விட்டது. புதிதாக மனு எழுதித் தாருங்கள், நானே எழுதித் தருகிறேன். குறைந்தது எட்டு மாதம் ஆகும்" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. பணம் வந்துடும் வந்துடும்னு பொண்ணு கல்யாணத்தத் தள்ளித் தள்ளிப் போட்டுட்டேனே" என்றார். அவ்வளவுதான்.

பணம் எட்டு மாதத்தில் வரவில்லை, பதினொரு மாதம் ஆயிற்று. எட்டாவது மாதம் முடிந்த மறுநாளே வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார். தேதி சொன்னவன் நான் என்பதால் எனக்கு ஓடி ஒளிய இடமில்லை. அந்த மூன்று மாதமும் நான் அலைந்த அலைச்சலை அதற்கு முந்திய மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அலைந்ததில்லை. மேலதிகாரியிடம் வாங்கிய திட்டு தனி. மெஸ்யே சொன்ன பதில் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தேதி சொன்னவனைத்தான் தவறிவிட்டாய் என்று கேட்க முடியும். "ஆவன செய்யப்படும்" என்பவனை என்னவென்று கேட்பது? அந்த வாக்கியத்தில் செய்கிறவன் யார் என்பதே இல்லை.

தமிழில் 'வாக்கு' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் இருக்கிறது. அவர்கள் நமக்குக் கொடுப்பதும் வாக்கு, நாம் அவர்களுக்குப் போடுவதும் வாக்கு. பிரெஞ்சில் இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள். நம் மொழி இரண்டையும் ஒரே தராசில் வைத்திருக்கிறது. நாம்தான் ஒரு தட்டைப் பார்ப்பதேயில்லை.

மெந்தெஸ் பிரான்ஸ் 1982ஆம் வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி பாரிஸில் காலமானார். கீழூர் ஓட்டெடுப்பு நடந்த அதே அக்டோபர் 18. சரியாக 28 வருஷம் கழித்து. தற்செயல்தான், வேறொன்றும் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் அந்தத் தேதி வரும்போது எனக்கு மூன்று பேர் நினைவு வரும். பால் டம்ளரோடு ஒரு பிரதமர், காலண்டரில் பொட்டு வைத்த பெரியம்மா, மஞ்சள் பையோடு அந்த அம்மா.

நேற்று பேரன் மறுபடியும் வந்தான். அதே அரசியல்வாதி, வேறு வீடியோ. எங்கள் பக்கத்துக் கால்வாயைச் சீர்செய்யப்போவதாகச் சொல்கிறார். "இது நிஜமா தாத்தா?" என்றான்.

"தேதி சொன்னாரா?" என்று கேட்டேன்.

திரும்பவும் ஓடவிட்டுக் கடைசிவரை கேட்டான். "விரைவில்னு சொல்றார் தாத்தா" என்றான்.